ஜன்னலோரம் மிஞ்சிய ஈக்கள்

பள்ளிக்கூடத்தில் அவளை எல்லாரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்புப் பொடிசு முதல் ஆபீஸ் கிளார்க் வரை அதே பெயர்தான். கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, மைக்ராஸ்கோப்புக்கு உறை போடுவது, எலும்புக்கூட்டின் தலையில் தொப்பி மாட்டிவிட்டு ஓடும் பயல்களைத் திட்டுவது என்று காலையில் இருந்து சாயங்காலம் வரை அவளுக்கு வேலை இருக்கும். இது போக இன்னொரு வேலையும் இருந்தது. ஈ வளர்ப்பது.

கனிந்த வாழைப்பழத்தின் மேல் எள்ளு எள்ளாகச் சுற்றுமே, அந்தப் பழ ஈ. உயிரியல் டீச்சர் தான் கல்லூரியில் படித்த காலத்தில் இருந்தே அந்த ஈக்களை வம்சம் அறுந்துவிடாமல் காப்பாற்றி வந்தார். இரண்டு பாட்டில். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. பாட்டிலின் அடியில் சோளமாவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கூழ், வாயில் பஞ்சு. அவ்வளவுதான் அவற்றின் உலகம்.

பிரசவ விடுப்பில் போகிற அன்று டீச்சர் அவளிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"அக்கா, மத்தது எது உடைஞ்சாலும் வாங்கிக்கலாம். ஈயை மட்டும் பாத்துக்குங்க. வயித்துல இருக்கற பிள்ளைக்கு முன்னாடியே நான் வளத்த பிள்ளைங்க அது."

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க டீச்சர். ஒரு குறையும் வராது."

வாயால் சொல்வது சுலபம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஈக்களைப் புதுப் பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். அதற்கு டீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். பாட்டிலை ஐஸ் தட்டில் வைக்க வேண்டும். குளிரில் ஈக்கள் மயங்கி விழும். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் கொட்டி, ஓவியம் வரைகிற தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் புதுப் பாட்டிலில் போட வேண்டும். கண்விழித்ததும் அவை பாட்டுக்குக் கூழை மொய்க்கும்.

முதல் தடவை அவள் அப்படியே செய்தாள். வெள்ளை ஓட்டில் மயங்கிக் கிடந்த கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. மற்றவற்றுக்கு முதுகில் பளபளவென்று நீட்டி மடித்த இறக்கை. இதற்கு, நெருப்பில் காட்டிய காகிதம் போலச் சுருங்கிப் போன இரண்டு துணுக்கு. "ஐயோ பாவம், சுருட்டை" என்று சொல்லி அதையும் மற்றவற்றோடு சேர்த்துப் போட்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம். தேதி எழுதிய காகிதத்தைத் தூக்கிப் போட மாட்டாள். எப்போதோ ஒரு நாள் ஆபீசில் இருந்து வந்து, இந்த ஆசிட் பாட்டில் எப்போது திறந்தது என்று குடைந்து எடுத்ததில் இருந்து வந்த பழக்கம். பழைய பாட்டிலின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, மர அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவாள். அன்றும் ஒட்டினாள். தேதிக்குப் பக்கத்தில் 'சுருட்டை 1' என்று எழுதினாள். ஏன் எழுதினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. புதிதாக ஒன்று பிறந்தால் எழுதி வைக்கத்தானே தோன்றும்.

இரண்டாவது தடவைதான் வினை. பாட்டிலை ஐஸில் வைத்த நேரம் பார்த்து ஆபீசில் கூப்பிட்டார்கள். திரும்பி வருவதற்குள் பாதிக்குப் பாதி ஈ விறைத்துச் செத்துவிட்டது. அதோடு ஐஸ் பக்கமே போகவில்லை. தனக்குத் தோன்றிய வழியில் செய்தாள். ஜன்னலைத் திறப்பாள். பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பஞ்சை எடுப்பாள். விட்டால் போதும் என்று பாதிக் கூட்டம் வெளியே பறந்துவிடும். போகட்டும் மகராசிகள் என்று விட்டுவிடுவாள். மிச்சம் இருப்பதைப் புதுப் பாட்டிலில் தட்டிக் கொட்டுவாள். இரண்டு பாட்டிலையும் அப்படியே கலந்து, மறுபடி இரண்டாகப் பங்கு போடுவாள். ஒன்றுகூடச் சாகாது. வேலையும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

போகப் போக வேலை இன்னும் சுலபமானது. ஈக்கள் பறப்பதையே விட்டுவிட்டன. பஞ்சை எடுத்தாலும் பாட்டிலை விட்டு வெளியே வராமல், அடக்க ஒடுக்கமாக உள்ளேயே ஊர்ந்தன. வளர்த்தவள் கைக்குப் பழகிவிட்டன என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

ஆறு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை டீச்சர் வேலைக்குத் திரும்பினார்.

வந்த கையோடு மேஜை மேல் ஒரு அட்டைப் பெட்டியை வைத்தார். அவருடைய கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. தோளில் குழந்தை கக்கிய பால் கறை. ஆனால் முகம் மட்டும் திருவிழாக்கூட்டத்தில் பலூன் வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது.

"அக்கா, ஈ எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு டீச்சர். ரெண்டு பாட்டிலும் நிறைஞ்சு இருக்கு."

"தங்கம் நீங்க. வியாழக்கிழமை பத்தாம் வகுப்புக்கு மரபணு மாற்றம் எடுக்கறேன். அதுக்குத்தான் இதை வரவழைச்சிருக்கேன், பாருங்க."

பெட்டியில் இருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே ஊர்ந்தவை எல்லாம் சுருட்டைகள். அவளுடைய இரண்டு பாட்டிலிலும் இப்போது இருப்பவற்றைப் போலவே அச்சு அசலாக.

"இறக்கையை உண்டாக்கற மரபணுவுல ஒரு சின்ன மாற்றம். அதனால இப்படி. வெளியில தானா இப்படி ஒன்னைப் பாக்கணும்னா ஆயிரக்கணக்குல தேடணும். இது பல்கலைக்கழகத்துல பல வருஷமா தனியாப் பொத்திப் பொத்தி வளக்கற இனம். இதையும் நம்ம நல்ல ஈயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டப் போறேன். ரெண்டையும் கலந்துடாதீங்க, என்ன?"

லேப் அக்கா அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். நம்ம நல்ல ஈ. அது எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும் அவள் கையாலேயே ஜன்னல் வழியாக அனுப்பிவிட்டாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் டீச்சர், "இன்னொன்னு அக்கா. வியாழக்கிழமை கிளாஸ்ல ஹெச்.எம். வந்து உக்காருவார். அது முடிஞ்சதும் உங்களைப் பத்தி ரிப்போர்ட் எழுதணும்னு சொன்னார். நிரந்தரம் பண்றதுக்கு. நான் நல்லபடியா சொல்றேன், கவலைப்படாதீங்க. இப்ப கிளாஸ் இருக்கு, ஈயைப் புதன்கிழமை சாவகாசமா பாக்கறேன்" என்றார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. இரண்டு வருஷமாக அவள் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு சீட்டு வரும், 'நீட்டிக்கப்படுகிறது' என்று. அந்தச் சீட்டு வருகிற வாரம் அவளுக்குச் சோறு இறங்காது. இப்போது நிரந்தர வேலை வாசல்படி வரை வந்துவிட்டது. இந்த நேரத்தில், கொடுத்த ஒரே ஒரு வேலையையும் கெடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அன்று மத்தியானமே ஹெட்மாஸ்டரிடம் இருந்து சுற்றறிக்கையும் வந்தது. சனிக்கிழமை லேபுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். அலமாரிக் கதவுகளில் ஒட்டியிருக்கும் காகிதக் குப்பைகளை எல்லாம் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

அவளுடைய வீட்டுக்காரர் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சாயங்காலம் அவள் கடைக்குள் நுழைந்தபோது மனிதர் இரண்டு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மூஞ்சி தொங்குது? எலும்புக்கூட்டுக்கு ஜுரமா?"

"கிண்டல் பண்ணாதீங்க. என் பொழப்பு நாறப் போகுது."

நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, ஆயிரத்துல தேடினாலும் கிடைக்காத ஈ உங்கிட்ட எத்தனை இருக்கு?"

"ஒரு இருநூறு இருக்கும்."

"அடி சக்கை! பல்கலைக்கழகத்துக்கே நீ வித்துப் பொழைக்கலாம்."

"என்னங்க!"

"சரி சரி, அழாத. இங்க என் கதையைப் பாரு. ஒருத்தர் வந்து சண்டை பிடிச்சுட்டுப் போறார். வரைபடத்துல கடலுக்கு நடுவுல ஒரு புள்ளி, அங்க ஏது தீவுன்னு. மூலத்துல புள்ளி இல்ல. முதல் ஜெராக்ஸ்ல எப்படியோ விழுந்துருக்கு. அதை வெச்சு எடுத்தது, அந்த எடுத்ததை வெச்சு எடுத்தது, எல்லாத்துலயும் வந்துருச்சு. ஒரு தடவை விழுந்தா விழுந்ததுதான். பின்னாடி வர்றது எல்லாம் அதையும் சேத்துத்தானே எடுக்கும்."

அவள் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். எங்கோ ஏதோ இடித்தது. ஆனால் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

வீட்டுக்குப் போனதும் அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். பழ ஈ என்பது பழத்துக்கு வருவதுதானே? நம் வீட்டுச் சமையலறையில் இல்லாத பழ ஈயா? இரண்டு வாழைப்பழத்தைக் கறுக்க விட்டு, பாட்டிலில் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகி வைத்தால் தானாக உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. புதன்கிழமை காலையில் பாட்டிலை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

"ஈன்னா ஈதான். அதுக்கென்ன ஆதார் அட்டையா இருக்கு?" என்று கையை விரித்தார். "முகத்தைப் பாத்து அடையாளம் சொல்லுவாங்களா உங்க டீச்சர்?"

செவ்வாய்க்கிழமை முழுக்க வீட்டில் அழுகிய பழ வாசனை. அவர் கடையை ஒரு மணி நேரம் முன்னதாக மூடிவிட்டு வந்து, குப்பைக்கூடைப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வேட்டைக்காரர் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். "இருபத்து மூணு!" என்று கத்தினார். பிறகு, "இருபத்து ரெண்டு. ஒன்னு என் மூக்குக்குள்ள போயிருச்சு."

சிரிக்கக் கூடாது என்று இருந்தவள் சிரித்துவிட்டாள்.

புதன்கிழமை அவள் சீக்கிரமே லேபுக்கு வந்தாள். பையில் இருந்து சமையலறை ஈக்களின் பாட்டிலை எடுத்து, இரண்டில் ஒரு பாட்டில் இருந்த இடத்தில் வைத்தாள். சுருட்டைகள் இருந்த பழைய பாட்டில்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டால் ஒரு நிமிஷ வேலை. பஞ்சில் கை வைத்தாள். உள்ளே ஒரு சுருட்டை கண்ணாடியில் ஏறி ஏறி வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. கை வரவில்லை. பாட்டில்களைத் தொட்டிக்கு அடியில் வாளிக்குப் பின்னால் மறைத்து வைத்தாள்.

அடுத்து அலமாரிக் கதவு. பதின்மூன்று லேபிள்கள். 'சுருட்டை 1', 'சுருட்டை 2', அப்புறம் ஆறு, பதினொன்று, இருபத்து நான்கு. அதற்கு மேல் எண்ணி முடியாமல் 'பாதி', 'பாதிக்கு மேலே', 'முக்கால்', 'முக்காலுக்கு மேலே', 'நேரானது 4' என்று இருந்தது. கடைசி மூன்றிலும் ஒரே வார்த்தைதான். 'எல்லாம்'.

தன் கையெழுத்திலேயே தனக்கு எதிரான சாட்சி. எப்படியும் சுரண்டச் சொல்லித்தான் சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஈரத்துணியை அழுத்தி முதல் லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். பாதி வந்தது.

"என்ன அக்கா, இவ்வளவு சீக்கிரம்?"

டீச்சர் வாசலில் நின்றார். அவர் கண் நேராக மேஜைக்குப் போனது. ஆசையாக லென்ஸை எடுத்துக்கொண்டு பாட்டிலிடம் குனிந்தார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா."

"டீச்சர்?"

"இதுல எறும்பு எப்படி வந்துச்சு?"

அவள் ஈரத்துணியைப் பிழிந்தாள்.

"இது கொசு மாதிரி இருக்கே. குளியலறைச் சுவத்துல உக்காருமே, அந்தப் பூச்சி இல்ல இது? இது..." டீச்சர் நிமிர்ந்தார். "இது நம்ம பாட்டில் இல்ல. என்ன ஆச்சு?"

அதற்கு மேல் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வாளியை நகர்த்தி இரண்டு பாட்டிலையும் எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஐஸில் செத்த கதை, ஜன்னல், வாழைப்பழம், வீட்டுக்காரரின் மூக்கு வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது எலும்புக்கூட்டைப் பார்த்தே சொன்னாள். அதன் முகம்தான் கொஞ்சம் சிரித்தாற்போல் இருந்தது.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பத்து வருஷ வம்சம் அக்கா" என்றார் மெதுவாக. "காலேஜ்ல எங்க புரொபசர் கொடுத்தது. கல்யாணம் ஆகி ஊர் மாறி வந்தப்பகூட மடியில வெச்சுக் கொண்டுவந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அஞ்சு மாசம் ஜன்னலைத் திறந்து விட்டிருக்கீங்க. பறக்கறது எல்லாம் போயிருச்சு. மிஞ்சினது இது. சரி. ஆனா முதல்ல இது எங்க இருந்து வந்துச்சு? ஜன்னல் வழியா ஏதாவது உள்ள வந்துச்சோ?"

"இல்ல டீச்சர்." இது ஒன்றை மட்டும் அவளால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. "ஜன்னலைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஒன்னு இருந்துச்சு. நீங்க போன ரெண்டாவது வாரம். ஐஸ்ல வெச்சு மாத்தினப்ப. எழுதி வெச்சிருக்கேன்."

"எங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

கதவைத் திறந்து காட்டினாள். பாதி கிழிந்து தொங்கிய முதல் லேபிளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் எழுந்து வந்தார். மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார். அவருடைய விரல் ஒவ்வொரு தேதியிலும் நின்று நின்று இறங்கியது. முகத்தில் இருந்த வாட்டம் போன இடம் தெரியவில்லை.

"அக்கா, ஒரு சின்ன மாற்றம் எப்படி வம்சம் முழுக்கப் பரவுதுன்னு பிள்ளைங்களுக்கு நான் ஏழு வருஷமா சொல்லிக் கொடுக்க முயற்சி பண்றேன். எழுதச் சொன்னா எல்லாரும் எழுதிடுவாங்க. ஆனா மனசுக்குள்ள ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நீங்க கதவுல ஒட்டி வெச்சிருக்கீங்க." திடீரென்று கையை நீட்டினார். "சுரண்டறதை நிறுத்துங்க. கோந்து எங்க?"

கோந்து தடவி ஒட்டும்போது டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நாளைக்கு ஜன்னல் விஷயத்தை மட்டும் விட்டுடலாம். ஹெச்.எம். விதி விதின்னு நிப்பார். பாட்டில் மாத்தும்போது சிலது தவறிப் பறந்துடுச்சுன்னு நான் பொதுவா சொல்லிக்கறேன். உங்க ரிப்போர்ட் முதல்ல முடியட்டும்."

லேப் அக்கா தலையாட்டினாள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கியது.

வியாழக்கிழமை லேபில் நாற்பது பிள்ளைகள். கடைசி வரிசையில், சின்ன ஸ்டூலில், பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர். லேப் அக்கா தொட்டிப் பக்கம் நின்று, ஏற்கெனவே துடைத்த பீக்கரை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் சுருட்டைப் பாட்டிலை வரிசையாக அனுப்பினார். பிள்ளைகள் லென்ஸை வைத்துப் பார்த்து 'ஐயே' என்றார்கள், 'அழகா இருக்கே' என்றார்கள். அலமாரிக் கதவு விரியத் திறந்திருந்தது. எண்களைக் கரும்பலகையிலும் எழுதியிருந்தார்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு. இப்ப எல்லாம். ஏன்?"

வாய் ஓயாததால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பையன் கையைத் தூக்கினான். கை மேலே போவதற்குள் வாய் திறந்துவிட்டது.

"சிம்பிள் டீச்சர்! பாட்டிலுக்குள்ளயே சோறு கிடைக்குது. பறக்கத் தேவையே இல்ல. சும்மா உக்காந்து தின்னு தின்னு இறக்கை சுருங்கிப்போச்சு. எங்க மாமா மாதிரி."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கடைசி ஸ்டூலில் ஹெட்மாஸ்டர்கூட 'சரியாகத்தானே சொல்கிறான்' என்பது போலத் தலையை ஆட்டினார்.

"உங்க மாமா சும்மா உக்காந்தா அவருக்குத் தொப்பை வரும். அவர் பிள்ளை தொப்பையோட பிறக்குமா?" என்றார் டீச்சர். "அதோட, பத்து வருஷமா இந்த ஈக்கு பாட்டிலுக்குள்ளதான் சோறு. அப்பெல்லாம் சுருங்காத இறக்கை இப்ப மட்டும் ஏன் சுருங்குது?"

ரேடியோ விடுகிற ஆள் இல்லை.

"அப்ப மத்த ஈயெல்லாம் எங்க டீச்சர்? ஒன்னு எல்லாம் ஆகணும்னா, மீதி எங்கயாவது போயிருக்கணுமே. செத்துப்போச்சா?"

"அது... பாட்டில் மாத்தும்போது சிலது..."

"சிலது போனா சிலதுதானே குறையும்? எல்லாமே எப்படிப் போகும்?" முதல் பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரப் பெண் கேட்டாள். அவள் சாதாரணமாக வாயே திறக்க மாட்டாள். "பறக்கறதும் பறக்காததும் ஒரே அளவுல போனா, சுருட்டை மட்டும் எப்படி ஜாஸ்தி ஆகும்?"

டீச்சர் சாக்பீஸை எடுத்தார், வைத்தார். அவருடைய பார்வை தொட்டிப் பக்கம் வந்து, அவசரமாகத் திரும்பிப் போனது. லேப் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். தனக்காகத்தான் டீச்சர் தடுமாறுகிறார். அந்தப் பெண் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி. அதற்குப் பதில் ஜன்னலில் இருக்கிறது. அது இல்லாமல் கதவில் இருப்பது வெறும் காகிதக் குப்பைதான்.

பீக்கரைக் கீழே வைத்தாள்.

"நான்தான் ஜன்னலைத் திறந்து விட்டேன்."

நாற்பது தலையும் திரும்பியது. அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்தவா முடியும்?

"ஐஸ்ல வெச்சு மாத்தச் சொன்னாங்க. ரெண்டாவது தடவை நிறைய செத்துப்போச்சு. பயந்துபோய் ஜன்னல்ல வெச்சுத் திறந்தேன். பறக்கத் தெரிஞ்சது எல்லாம் பறந்துபோச்சு. கூழ்ல உக்காந்திருந்தது கொஞ்சம், பறக்க முடியாத சுருட்டை எல்லாம், உள்ளயே நின்னுச்சு. அதுங்கதான் முட்டை போட்டுச்சு. அடுத்த தடவையும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அப்படியே."

"அப்ப, ஜன்னலைத் திறந்ததாலதான் சுருட்டை வந்துச்சா அக்கா?" என்றான் ரேடியோ.

"இல்லப்பா. அங்க பாரு, முதல் ரெண்டு சீட்டு. அப்ப ஜன்னல் மூடி இருந்துச்சு. அப்பவே ஒன்னு வந்தாச்சு. எதுக்காகவும் வரல. அதுபாட்டுக்கு வந்துச்சு." எப்படிச் சொல்வது என்று தேடினாள். சாயங்காலக் கடை வெளிச்சத்தில் பார்த்த தாள் கண்முன் வந்தது. "எங்க வீட்டுக்காரர் கடையில ஜெராக்ஸ் எடுக்கும்போது ஒரு புள்ளி விழும். யாரும் வேணும்னு வைக்கறதில்ல. ஆனா அதை வெச்சு எடுக்கற எல்லாத்துலயும் அந்தப் புள்ளி வரும். அந்த மாதிரி. புள்ளியை ஜன்னல் வைக்கல. எந்தத் தாளைக் கையில வெச்சுக்கறது, எதைத் தூக்கிப் போடறதுங்கறதை மட்டும்தான் ஜன்னல் முடிவு செஞ்சுது."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"அப்ப சுருட்டைதான் கெட்டிக்கார ஈயா?" என்றாள் கண்ணாடிக்காரப் பெண்.

"இந்த ஜன்னல்ல கெட்டிக்காரி. வெளியில போய் விட்டுப்பாரு, பல்லி ஒரு நிமிஷத்துல முடிச்சுரும். எந்த இடத்துல இருக்கோம்ங்கறதைப் பொறுத்ததுதானே."

"இது போதும்" என்றார் டீச்சர், திரும்பி. "இன்னைக்குப் பாடம் அவ்வளவுதான். மாற்றம் தானா வருது, யாரும் கேட்டு வர்றதில்ல. எது தங்கணும், எது போகணும்னு சுத்தி இருக்கற உலகம் பிரிக்குது. கோடிக்கணக்கான வருஷம், கோடிக்கணக்கான ஜன்னல். எழுதிக்குங்க."

நாற்பது பேனா ஓடிய சத்தத்துக்கு நடுவே ஸ்டூல் கிறீச்சிட்டது. ஹெட்மாஸ்டர் எழுந்து வந்தார்.

"ஆக, விதிப்படி ஐஸ்ல வெச்சு மாத்தணும். நீங்க மாத்தல."

"மாத்தல சார்."

"ஆறு மாசமா."

"அஞ்சு மாசம் சார். முதல் ரெண்டு தடவை ஐஸ்தான்."

ரேடியோ களுக்கென்று சிரித்து, ஹெட்மாஸ்டரின் ஒரு பார்வையில் அணைந்தான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கதவிடம் போனார். பதின்மூன்று சீட்டையும் ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் சீட்டின் ஒட்டுப் போட்ட கிழிசலைத் தடவிப் பார்த்தார்.

"இதெல்லாத்தையும் சுரண்டச் சொல்லி நான்தானே சர்க்குலர் போட்டேன்?"

"ஆமா சார். ஒன்னைச் சுரண்டிட்டேன். மறுபடி ஒட்டிட்டேன்."

"ம்." இவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

மறுநாள் டீச்சர் ரிப்போர்ட்டின் நகலைக் கொண்டுவந்து காட்டும் வரை அவளுக்கு உயிர் உயிராக இல்லை. ஹெட்மாஸ்டர் தன் கையாலேயே எழுதியிருந்தார். 'பணியில் கவனம் உள்ளவர். பதிவுகளை ஒழுங்காகப் பராமரிப்பவர். கேட்காமலே உண்மை பேசுபவர். நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன்.' அதற்குக் கீழே 'குறைகள்' என்ற கட்டத்தில் ஒரே வரி. 'ஜன்னலைத் திறக்கும் பழக்கம் உண்டு.'

அவளுடைய வீட்டுக்காரர் அதைப் பத்துப் பிரதி எடுத்தார். ஒன்று போதும் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை.

வாழைப்பழத்தில் பிடித்த இருபத்து இரண்டு முழுக்க வீண் போகவில்லை. எறும்பையும் குளியலறைப் பூச்சியையும் களைந்தது போக ஒன்பது நல்ல பழ ஈ தேறியது. டீச்சர் அவற்றில் ஆணை மட்டும் பிரித்து, அப்போதுதான் பிறந்த பெண் சுருட்டைகளோடு சேர்த்து ஒரு புதுப் பாட்டிலில் போட்டார். இரண்டு வாரம் கழித்துப் பிறந்த அத்தனையும் நேர் இறக்கை. "போச்சு, சுருட்டை வம்சமே போச்சு" என்று பதறினாள் லேப் அக்கா. "இருங்க அக்கா, உள்ள ஒளிஞ்சிருக்கு" என்றார் டீச்சர். அதற்கு அடுத்த தலைமுறையில் சுருட்டைகள் திரும்பி வந்தன, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ரேடியோ முப்பத்தொன்று என்று எண்ணினான். கண்ணாடிக்காரப் பெண் முப்பது என்றாள், ஒன்று செத்தது என்றாள். லேப் அக்கா ஐஸ் தட்டுப் பக்கத்திலேயே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அந்த ஒன்று காலை ஆட்டுகிறவரை பொறுத்திருந்து, முப்பத்தொன்று என்று சீட்டில் எழுதினாள்.

சொன்னபடி சனிக்கிழமையே வந்த பெயிண்ட்காரர்கள் அலமாரிக்கு வெளியே பச்சை அடித்தார்கள். ஒரு கதவின் உள்பக்கத்தை மட்டும் தொடவில்லை. ஹெட்மாஸ்டர் உத்தரவு. ஆனால் ஜன்னலுக்கு மட்டும் சட்டமும் கதவும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி இரண்டு பூச்சு கெட்டியாகப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றில் இருந்து அது திறப்பதே இல்லை. அதுவும் அவர் உத்தரவுதானா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.